டீசல் விலை விசாரித்துத் தூத்துக்குடி வரை

எனக்கு எழுபத்தொரு வயது. பெற்றது ஒன்பது, தங்கியது ஏழு. அந்த ஏழையும் வளர்த்து, என் தங்கை விட்டுப்போன இரண்டையும் சேர்த்து வளர்த்தேன். ஆக மறுபடியும் ஒன்பது. எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. கையெழுத்துப் போடுவேன். பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். எண் மட்டும் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தெரியும். ஒரே பகலில் கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சி, தூத்துக்குடி என்று சுற்றி, கண்ணில் பட்ட டிரைவரிடமெல்லாம் டீசல் விலை கேட்டுவிட்டு வீடு திரும்பியவள் எங்கள் பக்கத்தில் நான் ஒருத்திதான். போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் நல்லமுத்தன்பட்டி. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற ரோட்டில் ஒன்பது கிலோமீட்டர் வந்து இறங்கி, தெற்கே ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். கரிசல் காடு. மழை பெய்தால் காலில் கிடக்கிற செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். வெயில் அடித்தால் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். ஊரில் முக்கால்வாசி நிலம் மானாவாரி. கிணற்றுத் தண்ணீர் உள்ளது நாலே குடும்பத்துக்குத்தான். அந்த நாலு பேருக்கும் ஒரே கூட்டுக் கிணறு. வாரத்தில் அவரவர்க்கு முறை நாள் உண்டு. தன் முறையில் இறைக்காதவன் தண்ணீர் அடுத்தவனுக்கு. மூன்று பருவம் தொடர்ந்து இறைக்காவிட்டால் முறையே கைமாறிப் போகும். இதை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் பத்திரத்தைவிடக் கெட்டி.

எங்கள் முறை வியாழக்கிழமை. இறைப்பது ஐந்து குதிரைச் சக்தி ஆயில் இஞ்சின். என் வீட்டுக்காரர் பருத்தி விற்ற காசில் வாங்கிப் போட்டது. அவர் இருந்தவரை, சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு கோவில்பட்டி பங்க்கில் லிட்டர் கணக்கில் டீசல் பிடித்து வருவார். இஞ்சின் மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கும். இருபது லிட்டருக்கு இருபது மணி நேரம். கடிகாரம் தப்பினாலும் அது தப்பாது.

அவர் போய் மூன்று வருஷம் ஆனபோது நடந்தது இது. மூத்தவன் பெருமாளுக்கு டவுனுக்கு அலைய நேரமில்லை. ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கும் தங்கராசு அண்ணாச்சி, என் வீட்டுக்காரர் போன வருஷமே டீசலும் விற்க ஆரம்பித்திருந்தார். பேரலில் கொண்டுவந்து வைத்து, டின் கணக்கில் ஊற்றிக் கொடுப்பார். சதுரமான தகர டின். எங்கள் பக்கத்தில் அது இல்லாத வீடு கிடையாது. தண்ணீர் பிடிப்பதும் அதில்தான், மிளகாய் வற்றல் போட்டு வைப்பதும் அதில்தான். இருபது லிட்டர் டின் என்போம். டின் டீசல் அறுபது ரூபாய்.

அந்த டின்னுக்கு இஞ்சின் பதினெட்டு மணி நேரம்தான் ஓடியது. ஒவ்வொரு டின்னிலும் இரண்டு மணி நேரத்தைக் காணோம். கோவில்பட்டியிலிருந்து வந்து பார்த்த மெக்கானிக், உள்ளே எல்லாம் தேய்ந்துவிட்டது, இனிமேல் அதிகமாகத்தான் குடிக்கும், சரிசெய்ய எண்ணூறு ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனான். பெருமாள் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"அப்பா போனதுலேருந்து இஞ்சினுக்கும் மனசு விட்டுப்போச்சும்மா" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. தை மாதம், மிளகாய்ச் செடி முழுக்கப் பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. இந்த நேரத்தில் ஒரு தரகரிடம் ஆயிரத்து எழுநூறு ரூபாய்க்கு இஞ்சினைப் பேசி, நூறு ரூபாய் முன்பணமும் வாங்கிவிட்டான். வெள்ளிக்கிழமை காலையில் வண்டி கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போவதாகப் பேச்சு. இஞ்சின் போனால் முறை போகும். முறை போனால் நாங்களும் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

நான் யோசித்தேன். இஞ்சின் கூடக் குடிக்கிறதென்றால் குடித்துவிட்டுப் போகட்டும். குடிக்கிறதைக் குறைந்த விலைக்கு வாங்கினால் சரியாகிவிடும். ஊருக்கு ஊர் டீசல் விலை மாறும் என்று ரோட்டுக் கடையில் லாரிக்காரர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்திருந்தது. எங்கே குறைவு என்று அவர்களையே கேட்டுவிட்டால் என்ன? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சொன்னேன். பெருமாள் சிரித்தான். பெட்ரோல் பங்க்கில் போய்க் கத்தரிக்காய் மாதிரி பேரம் பேசப் போறியா என்றான். டீசல் டின்னைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அதற்கு மேலே ஒரு ஓட்டை, ஓட்டைக்கு மரத் தக்கை.

புதன்கிழமை காலை 6.10. ரோட்டில் கோவில்பட்டி பஸ் ஏறினேன். டிக்கெட் அறுபது பைசா. மடியில் முப்பது ரூபாயும், முந்தானையில் தனியாக முடிந்த நாற்பது ரூபாயும் இருந்தன. கூடத் துணைக்கு அந்த டின்.

6.40. கோவில்பட்டி. தீப்பெட்டி ஆபீஸ் போகிற பெண்கள் தூக்குச்சட்டியோடு வரிசையாகப் போகிறார்கள். மில்லில் சங்கு ஊதுகிறது. ரயிலடிக்குப் போகிற வழியில் தீப்பெட்டிப் பண்டல் ஏற்றுகிற லாரிகள் நிற்கும் என்று தெரியும். அங்கே ஒரு டீக்கடை. டீ முப்பது பைசா. பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு லாரிக்காரரிடம் போய், டீசல் லிட்டர் என்ன விலை தம்பி என்றேன்.

"எதுக்கு ஆச்சி, லாரி வாங்கப் போறியளா?"

"வாங்குனா ஒன்னையத்தான் டிரைவராப் போடுவேன். விலையச் சொல்லு."

வாயைக் கொப்பளித்துவிட்டு மரியாதையாகச் சொன்னார். கோவில்பட்டியில் இரண்டு ரூபாய் எண்பத்தாறு பைசா. சாத்தூரில் எண்பத்தேழு. விருதுநகரில் எண்பத்தெட்டு. மதுரையில் முந்தாநாள் பிடித்தது எண்பத்தாறு. வடக்கே போகப் போக ஒரு பைசா ஏறும், ஒரு பைசா இறங்கும், அவ்வளவுதான் என்றார். பிறகு தெற்கே கையைக் காட்டினார்.

"கொறைவா வேணும்னா கடலப் பாத்துப் போங்க. அங்கனதான கப்பல்ல வந்து எறங்குது. தூக்கிட்டு வார கூலி கெடையாதுலா."

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் தானாகவே, என்னிடம் ஆறு ரூபாய்க்கு மேலே என்றார். எனக்குத் திக்கென்றது. பிறகுதான் தெரிந்தது அது பெட்ரோல் என்று. இருக்கட்டும், வேண்டாததையும் தெரிந்துகொண்டோம் என்று வந்துவிட்டேன். கடலைமிட்டாய் ஒரு ரூபாய்க்கு வாங்கி முந்தானையில் வைத்துக்கொண்டேன். ஒரு மிட்டாய் கொடுத்தால் எந்த டிரைவரும் இரண்டு நிமிஷம் நின்று பேசுவார் என்பது என் கணக்கு. அது வீண் போகவில்லை.

8.00. பசுவந்தனை வழியாக ஓட்டப்பிடாரம் போகிற பஸ். டிக்கெட் இரண்டு ரூபாய் பத்துப் பைசா. கண்டக்டர் என் டின்னை மோந்து பார்த்தார். உள்ளே டீசல் இருந்தால் ஏற்ற மாட்டேன் என்றார். உள்ளே இருந்தால் நான் ஏன் இந்தப் பாடு படுகிறேன் என்றேன். டின்னுக்கு இருபத்தைந்து பைசா லக்கேஜ் போட்டார். டின்னைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். சீட்டைவிட அது வசதி.

பசுவந்தனையில் பஸ் கொஞ்சம் நின்றபோது டிரைவரிடம் எழுந்து போனேன். வயதானவர், காக்கிச்சட்டை, நெற்றியில் திருநீறு. என் கேள்வியைக் கேட்டுவிட்டு ஸ்டியரிங்கில் கைவைத்தபடி முழித்தார்.

"எங்களுக்கு டெப்போவுல ஊத்தி விட்டுருதாங்க ஆச்சி. இருவது வருசமா ஓட்டுதேன், ஒரு லிட்டர் காசு குடுத்து வாங்குனதில்ல."

பஸ் முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு ஆளாளுக்கு விலை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் மூன்று ரூபாய் என்றார், ஒருவர் இரண்டரை என்றார். எதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. சொந்தக் காசு கொடுத்து வாங்குகிறவன் சொன்னால்தான் விலை.

வழியெல்லாம் ஒரே கறுப்பு. கொத்தமல்லிக் காடு பச்சையும் வெள்ளையுமாக நடுவில் வரும், பருத்தி வரும், பிறகு மறுபடியும் கறுப்பு. சோளம் அறுத்த கட்டைகளுக்கு நடுவே ஆடு நிற்கும். ஒரு கிணற்றடியில் இஞ்சின் ஓடினால் அரை மைலுக்கு முன்னாலேயே சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டபோதெல்லாம் எங்கள் இஞ்சினை நினைத்துக்கொண்டேன்.

9.50. ஓட்டப்பிடாரம். தாலுகா ஆபீஸ் இருக்கிற ஊர். மனு எழுதுகிறவர்கள் மரத்தடியில் இருக்கிறார்கள். பஸ் நிற்கிற இடத்திலேயே ஒரு டிராக்டர் ஆட்டுரம் ஏற்றிக்கொண்டு நின்றது. அதை ஓட்டுகிறவர் எங்கள் பெருமாள் வயது இருப்பார். குறுக்குச்சாலை என்கிற ஊரில் பிடித்தேன், இரண்டு ரூபாய் எண்பத்துநாலு என்றார். கோவில்பட்டியைவிட இரண்டு பைசா இறங்கிவிட்டது. எனக்கு மனசுக்குள்ளே ஒரு துள்ளல். பாஞ்சாலங்குறிச்சியில் வேன்கள் நிற்கும், அதில் திருநெல்வேலி விலை தெரியும், நானும் அங்கேதான் உரம் கொண்டு போகிறேன், ஏறுங்கள் என்றார். ஆட்டுரத்தின்மேல் டின், டின்னின்மேல் நான். மிட்டாய் ஒன்று கொடுத்தேன்.

10.40. பாஞ்சாலங்குறிச்சி. கோட்டை புதிதாகக் கட்டியது. சுவர் உயரமாக, பளிச்சென்று இருக்கிறது. சுற்றிலும் பொட்டல், வெயிலும் காற்றும் தவிர ஒன்றும் இல்லை. பள்ளிக்கூட வாத்தியார்கள் ஒரு வேன் நிறைய வந்து உள்ளே போயிருந்தார்கள். நான் உள்ளே போகவில்லை. நான் தேடி வந்தது வெளியே வேனுக்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பினேன். வேன் டிரைவர் கோபப்படவில்லை. திருநெல்வேலியில் இரண்டு ரூபாய் எண்பத்தைந்து என்றார். எதற்குக் கேட்கிறேன் என்பதையும் கேட்டார். இஞ்சின் கதையைச் சொன்னேன். தேய்ந்த இஞ்சின் புகை தள்ளுமே, உங்கள் இஞ்சின் தள்ளுகிறதா என்றார். இல்லை என்றேன். இழுவை குறைந்துவிட்டதா என்றார். தண்ணீர் முன்போலத்தான் விழுகிறது என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

"அப்படின்னா அது ஏன் கூடக் குடிக்கணும்?" என்றார்.

அந்தக் கேள்வி என்னோடு கூடவே வந்தது. வாத்தியார்கள் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்ததும் என்னையும் ஏற்றிக்கொண்டு குறுக்குச்சாலையில் இறக்கிவிட்டார்கள். காசு வாங்கவில்லை.

12.05. குறுக்குச்சாலை. அங்கே பஞ்சுப் பொதி ஏற்றிய லாரி ஒன்று தண்ணீர் ஊற்றிக்கொள்ள நின்றது. டிரைவர் பெயர் மாடசாமி. கறுத்த, தடித்த மனுஷர். மிட்டாய் ஒன்று கொடுத்ததும் ஏறுவதற்குக் கை கொடுத்தார். கோவில்பட்டிக்காரர்தான். போகும்போது பஞ்சு, வரும்போது உப்பு. வாரத்தில் நாலு நடை தூத்துக்குடிக்கு. தூத்துக்குடி விலை அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இரண்டு ரூபாய் எண்பத்தொன்று. அதற்குக் கீழே இந்த ஜில்லாவில் கிடையாது ஆச்சி என்று சத்தியம் மாதிரிச் சொன்னார்.

வந்த காரியம் முடிந்துவிட்டது. ஆனால் லாரி குலுங்கக் குலுங்க மனசுக்குள் கணக்குப் போட்டேன். கோவில்பட்டியில் எண்பத்தாறு, இங்கே எண்பத்தொன்று. லிட்டருக்கு ஐந்து பைசா. டின்னுக்கு ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாய்க்காக அறுபது கிலோமீட்டர் வந்திருக்கிறேன். பஸ் டிக்கெட்டுக்கே மூன்று ரூபாய் ஆகிவிட்டது. எல்லா டிரைவரும் உண்மையைத்தான் சொன்னார்கள். அந்த உண்மையில் எனக்கு ஒன்றும் இல்லை. பெருமாள் சிரித்தது கண்ணுக்கு முன்னால் வந்தது. உப்பளம் வெள்ளை வெளேரென்று இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன், மனசில் பதியவில்லை.

1.20. தூத்துக்குடி. பஞ்சை மில்லில் இறக்கிவிட்டு மாடசாமி டீசல் பிடிக்க வந்தார். ஊருக்கு வெளியே லாரிகள் பிடிக்கிற பங்க். வந்ததுதான் வந்தோம், ஒரு டின்னாவது பிடித்துக்கொண்டு போவோம், நாளைக்கு முறைக்கு ஆகும் என்று டின்னை நீட்டினேன். இருபது லிட்டர் ஊற்று தம்பி என்றேன்.

பங்க்காரர் தக்கையை எடுத்துவிட்டுக் குழாயைச் சொருகினார். மிஷினில் எண் ஓடுகிறது. நான் எண்ணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பதினாறு, பதினேழு, பதினெட்டு. திடீரென்று டீசல் பொங்கி என் காலில் வழிந்தது. அவர் நிறுத்தினார்.

"நெறஞ்சிட்டு ஆச்சி. பதினெட்டுதான் புடிச்சிருக்கு. அம்பது ரூவா அம்பத்தெட்டு பைசா."

என் மூளை எப்படி வேலை செய்தது தெரியுமா? டின் இருபது லிட்டர். நிறைந்துவிட்டது. மிஷின் காட்டுவது பதினெட்டு. அப்படியானால் இரண்டு லிட்டர் சும்மா வந்திருக்கிறது. இந்த பங்க் மிஷின் கெட்டுப்போயிருக்கிறது, பங்க்காரருக்கே தெரியவில்லை, சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று நினைத்தேன். வாயைத் திறக்காமல் காசை எண்ணிக் கொடுத்தேன். மாடசாமியை லாரிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் காதோடு சொன்னேன்.

"ஏலே, சத்தம் போடாத. மிஷின் தப்பா ஓடுது. ஒரு பேரல் எங்கயாவது வாங்கிட்டு வா, நிறைய புடிச்சிட்டுப் போயிருவோம்."

அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு டயரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் மிட்டாயைத் திரும்பக் கேட்டிருப்பேன்.

"இது நாலு காலன் டின்னு ஆச்சி. வெள்ளைக்காரன் காலத்துல மண்ணெண்ணெ வந்த அளவு. காலன் போயி லிட்டர் வந்தாச்சு, டின்னு மட்டும் மாறாம அப்படியே இருக்கு. காலனுக்கு நாலரை லிட்டரு, பதினெட்டுக்கு மேல கொள்ளாது."

நான் நம்பவில்லை. அறுபத்தைந்து வயது வரை அந்த டின்னில்தான் புழங்கியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா என்றேன். மாடசாமி லாரியிலிருந்து ஒரு இரும்புக் கேனைக் கொண்டுவந்தார். அதன் பக்கத்தில் இருபது என்று அச்சுப் பதித்திருந்தது. எண் எனக்குத் தெரியுமே. என் டின்னிலிருந்த டீசலை ஒரு சொட்டுச் சிந்தாமல் அதில் ஊற்றினார். டின் காலி. கேன் நிறையவில்லை. மேலே நாலு விரல் கடை சும்மா கிடந்தது.

அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன். பதினெட்டு. பாஞ்சாலங்குறிச்சி வேன்காரர் கேட்டது நினைவுக்கு வந்தது. புகை இல்லை, இழுவை குறையவில்லை, அது ஏன் கூடக் குடிக்க வேண்டும்? டின்னுக்குப் பதினெட்டு மணி நேரம் ஓடியது. டின்னில் இருந்ததே பதினெட்டு லிட்டர். மணிக்கு ஒரு லிட்டர். என் வீட்டுக்காரர் வாங்கிப் போட்ட அன்றைக்கு எப்படிக் குடித்ததோ அப்படியேதான் குடித்திருக்கிறது. மூன்று வருஷமாக எதுவும் பேச முடியாத இரும்புமேல் நாங்கள் பழி போட்டிருக்கிறோம்.

எனக்கு அழுகை வந்தது என்று நினைக்காதீர்கள். அந்த பங்க்கில், அத்தனை லாரிக்காரர்களுக்கு நடுவில், நான் கையைத் தட்டினேன். ஒரு தடவை, நன்றாகச் சத்தமாக. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க இஞ்சின் நல்லாயிருக்கு" என்றேன்.

அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மாடசாமிக்கு மட்டும் புரிந்தது. டீசலை மறுபடியும் டின்னில் ஊற்றித் தக்கையை இறுக்கித் துணி சுற்றிக் கட்டிக் கொடுத்தார். எங்கள் ஊரில் டின் அறுபது ரூபாய் என்றதும் அவரே கணக்குப் போட்டுச் சொன்னார்: லிட்டர் மூன்று ரூபாய் முப்பத்துமூன்று பைசா. அன்றைக்கு நான் கேட்ட விலைகளிலேயே பெரிய விலை எங்கள் ஊர் விலைதான். அதை யாரிடமும் கேட்காமலே மூன்று வருஷம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

2.45. உப்பு ஏற்றிய லாரியில் திரும்பினோம். டீசலோடு பஸ்ஸில் ஏற்ற மாட்டார்களே. இந்தத் தடவை வழியை நன்றாகப் பார்த்தேன். உப்பளத்துத் தண்ணீரில் வெயில் விழுந்து கண் கூசுகிறது. பிறகு மண் சிவந்து, சாம்பலாகி, மறுபடியும் கறுக்கிறது. கறுப்பைக் கண்டதும் மூச்சு நன்றாக வந்தது. எட்டயபுரத்தில் டீ வாங்கிக் கொடுத்தேன். மாடசாமி வாடகை வாங்கவே மாட்டேன் என்றார். மீதி மிட்டாயைப் பொட்டலத்தோடு அவர் சீட்டில் வைத்துவிட்டு இறங்கினேன்.

4.50. எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கு. ஊருக்குள் கொண்டுவந்து விடுகிறேன் என்றார். வேண்டாம் என்று சும்மாடு கூட்டி டின்னைத் தலையில் வைத்துக்கொண்டேன். ஒன்றரை கிலோமீட்டர், எங்கும் இறக்கவில்லை. வீட்டுக்குப் போகவில்லை. நேரே தங்கராசு அண்ணாச்சி கடை.

5.20. கடை முன்னால் டின்னை இறக்கினேன். சாமான் வாங்க வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அண்ணாச்சி, மண்ணெண்ணெய் அளக்கிற லிட்டரை எடுங்கள் என்றேன். ரேஷன் மண்ணெண்ணெய் அளப்பதற்கு அவரிடம் முத்திரை போட்ட லிட்டர் உண்டு. டீசல் டின்னாகவே போனதால் அதை டீசலுக்கு எடுத்ததே இல்லை. எதற்கு என்றார். டின்னில் எத்தனை லிட்டர் இருக்கும் என்றேன். இருபது, இது என்ன கேள்வி என்றார். அளந்து பாருங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே அளந்தார். பத்து வரை சிரிப்பு இருந்தது. பதினைந்தில் கூட்டம் கூடிவிட்டது, எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள். பதினெட்டில் டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்தார். நாலு சொட்டு விழுந்தது.

நான் அவரைக் கள்ளன் என்று சொல்லத் தயாராகத்தான் வந்திருந்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் நின்றுவிட்டது. லிட்டரைக் கையில் பிடித்தபடி டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருநூறு லிட்டர் பேரலுக்குப் பத்து டின்னுதான வரணும். எனக்குப் பதினோரு டின்னு வந்துச்சு. பங்க்காரன் கைராசின்னுல்லா நெனச்சேன். அதுக்காக அவனுக்குத் தீவாளிக்கு வேட்டி வேற எடுத்துக் குடுத்தேனே" என்றார்.

கடை அதிர்ந்தது சிரிப்பில். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மத்தியானம் நானும் அதே மாதிரி ஒரு மிஷினை நினைத்துச் சந்தோஷப்பட்டவள்தானே. அதை அங்கே நான் சொல்லவில்லை. இப்போதுதான் முதல்தடவையாகச் சொல்கிறேன்.

பெருமாள் காட்டிலிருந்து வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். டீசலைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தான்.

வியாழக்கிழமை காலை 7.00. எங்கள் முறை. ஊர் பாதி கிணற்றடியில் நின்றது. தங்கராசு அண்ணாச்சியே லிட்டரோடு வந்து, இஞ்சின் டேங்கைத் துடைத்துக் காலி செய்து, சரியாக ஐந்து லிட்டர் ஊற்றினார். பெருமாள் கைப்பிடியைச் சுற்றினான். பத்து மணிக்கு ஒருவர் பந்தயம் கட்டினார், பழைய கணக்குப்படி பதினொன்றரைக்கு நின்றுவிடும் என்று. பதினொன்றரை ஆயிற்று, இஞ்சின் பாட்டுக்கு ஓடியது. பன்னிரண்டு ஆயிற்று. தண்ணீர் வாய்க்காலில் கரை முட்டப் போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டு ஐந்துக்கு இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. ஐந்து லிட்டருக்கு ஐந்து மணி ஐந்து நிமிஷம்.

பெருமாள் இஞ்சினைத் தொட்டுப் பார்த்தான். கொதிக்கிற இரும்பு, கையை எடுக்கவில்லை.

"அப்பா இஞ்சினை அநியாயமாப் பேசிட்டேன்மா" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். எனக்கு அது போதும்.

வெள்ளிக்கிழமை காலை தரகர் மாட்டுவண்டியும் கயிறுமாக வந்தார். நூறு ரூபாயை அவர் கையில் வைத்தேன். அவர் விடவில்லை. கிழட்டு இஞ்சின், இன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த வருஷம் நீங்களே என்னைத் தேடி வருவீர்கள், அப்போது ஆயிரம்கூடத் தேறாது என்றார். வண்டி கொண்டுவந்த கூலி தனி என்றார்.

"வண்டிய ஏன் சும்மா திருப்புதீரு? ஒரு டின்னு தண்ணி புடிச்சிட்டுப் போரும். பதினெட்டு லிட்டர் கொள்ளும்" என்றேன்.

அவருக்கு அது விளங்கவில்லை. கிணற்றடியில் இருந்தவர்களுக்கு விளங்கியது. அவர்கள் சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டுவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் ஊரில் டீசல் லிட்டர் கணக்குத்தான். மூன்று ரூபாய் போட்டார் அண்ணாச்சி. வண்டிக் கூலி சேர்த்து அது நியாயம். பக்கத்து ஊர்க்காரர்களும் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து அளந்து பார்த்தார்கள். மூன்று ஊரில் மூன்று இஞ்சின் மேல் இருந்த பழி தீர்ந்தது. அந்த வருஷம் எங்கள் மிளகாய் பதினொரு மூட்டை.

மாடசாமி விஷயத்தை ரோடு முழுக்கச் சொல்லிவிட்டார். இப்போதும் நான் விலக்கில் நின்றால் தெரியாத லாரிகூட வேகத்தைக் குறைக்கும். முகம் தெரியாத டிரைவர் தலையை நீட்டி, ஆச்சி, தூத்துக்குடியில் இவ்வளவு, மதுரையில் இவ்வளவு என்று கத்திவிட்டுப் போவார். கலெக்டருக்குக்கூட அவ்வளவு சீக்கிரம் தெரியாது. தூத்துக்குடி எங்கள் ஊரைவிடப் பெரிய ஊர்தான்; மில் உண்டு, கப்பல் உண்டு, விலையும் பத்தொன்பது பைசா குறைவு. ஆனால் அங்கே யார் வீட்டுக் கிழவிக்கு லாரிக்காரர்கள் தினம் விலை சொல்லிவிட்டுப் போகிறார்கள்?

இன்றைக்கு வியாழக்கிழமை. எங்கள் முறை. பேத்தி எழுத எழுத இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இஞ்சின் சத்தம் தெற்கேயிருந்து கேட்கிறது. ஆறு வருஷம் ஆயிற்று, இன்னும் மணிக்கு ஒரு லிட்டர்தான்.

ஏட்டி லட்சுமி, பேனாவ வச்சிட்டு முதல்லேருந்து வாசி. அவசரப்படாத. விலை வார எடத்துல நிறுத்தி நிறுத்தி வாசி. டிரைவருமாரு நம்பிச் சொன்ன விலை அது. ஒரு பைசா மாறியிருந்தாலும் அடிச்சு எழுதணும்.